சருமமும் பானங்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பருவுக்குக் கொடுத்த மாத்திரையை இரவில் பாலுடன் விழுங்குகிறேன். பலனே இல்லையே?

பதில்: எந்த மாத்திரை? எத்தனை நாளாக? எதுவும் எழுதாமல் கேட்டால் ஊகித்துத்தான் சொல்ல முடியும். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் என்றால், பாலில் உள்ள கால்சியம் அதைப் பற்றிக்கொண்டு ரத்தத்தில் சேர்வதைக் குறைத்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீருடன் விழுங்குங்கள். விழுங்கியதும் படுக்காதீர்கள், உணவுக்குழாய் புண்ணாகும். பலன் தெரிய 2, 3 மாதங்கள் ஆகும்.

கேள்வி: காபி குடித்தால் முகம் கறுக்குமா?

பதில்: கறுக்காது. வெயிலில்தான் கறுக்கும். சன்ஸ்கிரீன் பூசுங்கள்.

கேள்வி: தினமும் 5 லிட்டர் தண்ணீர் குடித்தும் கால் தோல் செதில் செதிலாக உதிர்கிறது. இன்னும் கூட்டலாமா?

பதில்: கூடவே கூடாது, குறையுங்கள். நிறையத் தண்ணீர் குடித்தால் தோல் வறளாது என்ற நம்பிக்கையோடு பல வருடங்களாக மல்லுக்கட்டுகிறேன். தோலின் மேலடுக்கில் உள்ள செரமைடு போன்ற கொழுப்புகள்தான் ஈரம் ஆவியாகாமல் காக்கின்றன. அவற்றைச் சோப்பும் வெந்நீரும் அரித்துவிட்டால், உள்ளே ஊற்றும் கூடுதல் தண்ணீர் சிறுநீராகத்தான் போகும். 1945-இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் பெரியவர்களுக்கு நாளுக்கு 2.5 லிட்டர் என்றது. அதில் பெரும்பகுதி உணவிலேயே கிடைக்கிறது என்றும் அங்கேயே எழுதியிருந்தது. முதல் வரியை ஊரெல்லாம் சொல்கிறார்கள், இரண்டாவதை ஒருவரும் சொல்வதில்லை. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டவே கூடாது.

குளித்ததும் ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். ஒரு மாதத்தில் சரியாகாவிட்டால் சர்க்கரை, தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: 16 வயது மகளுக்கு முகமெல்லாம் பரு. பழச்சாறு நல்லதுதானே?

பதில்: பழமாகவே கொடுங்கள். சாறாக்கி வடிகட்டினால் நார் போய்விடும், சர்க்கரை ரத்தத்தில் வேகமாக ஏறும். அதனால் கூடும் இன்சுலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டும். குளிர்பானம் இன்னும் மோசம். 330 மில்லி கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாள் முழுவதற்கும் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் பானத்தை மாற்றினால் மட்டும் பரு போய்விடாது, சிகிச்சையும் வேண்டும்.

கேள்வி: சோரியாசிஸ் இருக்கிறது. வாரம் ஒருமுறை மது பரவாயில்லையா?

பதில்: மது சோரியாசிஸைக் கிளறிவிடும். அதற்குக் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தை எடுக்கிறீர்கள் என்றால் கல்லீரலும் சேர்ந்து கெடும். மருந்தின் பெயரை எழுதுங்கள் என்று எத்தனை முறை கேட்பது?

கேள்வி: கொலாஜன் பானம் வாங்கலாமா?

பதில்: அதைப் புகழும் ஆய்வுகள் பலவும் தயாரிப்பாளர் பணத்தில் நடந்தவை. அந்தக் காசுக்குச் சன்ஸ்கிரீன் வாங்குங்கள்.

கேள்வி: தினமும் கேரட் ஜூஸ் குடிக்கிறேன். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. காமாலையா?

பதில்: கண்ணாடியில் விழியின் வெண்பகுதியைப் பாருங்கள். வெள்ளையாகவே இருந்தால் பெரும்பாலும் கேரட்டின் நிறப்பொருளான கரோட்டின் தோலில் படிந்ததுதான். ஜூஸை நிறுத்தினால் சில மாதங்களில் மறைந்துவிடும். கண்ணும் மஞ்சளித்திருந்தால் இன்றே மருத்துவரிடம் போங்கள்.