கனடாவில் ஒரு வருட டிப்ளமோ முடித்தால் வேலை பெர்மிட் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதைப் பொறுத்துதான். தகுதியுள்ள கல்லூரியில் குறைந்தது 8 மாதப் படிப்பாக இருக்கவேண்டும். 2 வருடத்துக்குக் குறைவென்றால் படிப்பு எவ்வளவு காலமோ பெர்மிட்டும் அவ்வளவுதான், 2 வருடமோ அதற்கு மேலோ என்றால் 3 வருடம் வரை கிடைக்கும்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: 2024 நவம்பர் 1 முதல் ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்து டிப்ளமோ படிப்பவர்களுக்கு, அந்தப் பாடப்பிரிவு கனடா குடிவரவுத் துறையின் பட்டியலில் இருக்கவேண்டும். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள், பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். மொழித்தேர்வு மதிப்பெண்ணும் வேண்டும். அப்புறம், படிப்பு முடிந்ததற்கான கடிதம் வந்த 180 நாளுக்குள் வேலை பெர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள். இந்தப் பெர்மிட் வாழ்நாளில் ஒரே முறைதான், அதனால் முடிந்தால் 2 வருடப் படிப்பாகவே எடுங்கள் என்பேன். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகுமென்றால் பெர்மிட்டும் அந்தத் தேதியோடு நின்றுவிடும், முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள்.