டே கெயார் காசை அம்மாவின் சம்பளத்தில் மட்டும் ஏன் கழிக்கிறீர்கள்?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகனுக்கு 14 மாதம். எனக்குச் சம்பளம் 95,000 ரூபாய், கணவருக்கு 140,000. டே கெயாருக்கு மாதம் 38,000 போகிறது. பஸ், சாப்பாடு எல்லாம் போக என் கையில் 37,000 போலத்தான் மிஞ்சும். மாமியால் யாழ்ப்பாணத்திலிருந்து வர ஏலாது. "இதுக்காகவா வேலைக்குப் போறீர், விட்டிட்டு வீட்டில இரும்" என்கிறார் கணவர். பக்கத்து ஒழுங்கையில் 22,000 ரூபாய்க்கு ஓர் இடம் இருக்கிறது, 14 குழந்தைகளுக்கு இரண்டு அன்ட்டிமார். வேலையை விடவா, இடத்தை மாற்றவா? 60 பேர் வேலை செய்யும் கம்பனி, நான் சேர்ந்து நாலேகால் வருஷம்.

பதில்: தங்கச்சி, இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கணவரையும் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள்.

முதலில் அந்த 37,000 கணக்கே பிழை. பிள்ளை இரண்டு பேருக்கும் பிள்ளைதானே, டே கெயார் காசு மட்டும் ஏன் உங்கள் சம்பளத்தில் கழிகிறது? ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 8% பிடித்தது போக இரண்டு பேருமாக வீட்டுக்குக் கொண்டுவருவது 216,200 ரூபாய். அதில் 38,000 என்பது ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். பாரம்தான், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் வேலையை விடுகிற அளவுக்கு இல்லை.

அப்புறம் சம்பளச் சிட்டையை எடுத்துப் பாருங்கள். உங்கள் 8%, கம்பனி போடும் 12%, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) அவர்களே போடும் இன்னொரு 3%, சேர்த்தால் மாதம் 21,850 ரூபாய் உங்கள் பெயரில் விழுகிறது. கையில் புழங்காத காசு என்பதால் வீட்டில் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அதைவிட முக்கியம் பணிக்கொடை. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருஷம் முடித்து விலகுபவருக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். இன்னும் 9 மாதம் இருந்தால் உங்களுக்கு 237,500 ரூபாய். இன்றைக்கே கடிதம் கொடுத்தால் அந்தக் காசைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. பிரசவ விடுமுறையில் இருந்த நாட்களும் சேவைக்காலத்தில் சேரும், அதைக் கழித்துவிடாதீர்கள். என் மனைவி எங்கள் மகளுக்காக நாலு வருஷம் எட்டு மாதத்தில் வேலையை விட்டவர். இதைச் சொல்ல அப்போது எங்களுக்கு ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியோடு வருகிற எவரிடமும் நான் முதலில் வேலையில் சேர்ந்த திகதியைக் கேட்கிறேன்.

சரி, அந்த 22,000 ரூபாய் இடம். மாதம் 16,000 மிச்சம் என்று தெரிகிறது. ஒருநாள் பின்னேரம் நாலரைக்குச் சொல்லாமல் போய் வாசலில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். ஓர் அன்ட்டி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குப் பால் கரைப்பார், மற்றவர் மூன்றாவதுக்குப் பம்பஸ் மாற்றுவார், மிச்சப் பதினொன்றையும் யார் பார்ப்பது? இந்த வயதில் மூன்று நாலு குழந்தைக்கு ஒருவராவது வேண்டும். கட்டணம் இவ்வளவு குறைகிற இடத்தில் பெரும்பாலும் அந்த அன்ட்டிமாரின் சம்பளம்தான் குறைந்திருக்கும். கொஞ்சம் கூடக் கிடைக்கிற வேலை வந்தால் அவர்கள் போய்விடுவார்கள், உங்கள் மகன் மறுபடி ஒரு புது முகத்திடம் அழுதுகொண்டு போவான். எந்த டே கெயாரிலும் விளையாட்டுச் சாமானைப் பார்க்க முதல், பிள்ளையைத் தூக்கப்போகும் அன்ட்டி எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள்.

காசைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. சித்திரையிலும் டிசம்பரிலும் நீண்ட லீவில் ஊருக்குப் போனால் அந்த மாதங்களுக்குப் பாதிக் கட்டணம் எடுப்பார்களா என்று இப்போதே பேசிவையுங்கள். மகனுக்கு மூன்று வயதானால் காலையில் முன்பள்ளி, பின்னேரம் மட்டும் டே கெயார் என்று ஆகிவிடும், ஆக இந்த முழுக் கட்டணம் இன்னும் 22 மாதத்துக்குத்தான்.

கம்பனியிலும் கேட்க வேண்டும், தனியாக இல்லை. சின்னப் பிள்ளை உள்ள அம்மாமாரையும் அப்பாமாரையும் சேர்த்து ஒரே கடிதமாகக் கொடுங்கள். கட்டடம் கட்டித் தரச் சொல்ல வேண்டாம். கந்தோருக்குக் கிட்ட இருக்கிற நல்ல டே கெயார் ஒன்றோடு கம்பனி பேசி, ஐந்தாறு பிள்ளைக்கு ஒன்றாக ஒரு விலை எடுத்து, அதில் ஒரு பங்கைப் போடட்டும். உங்களை அனுப்பிவிட்டுப் புதிதாக ஒருவரை எடுத்துப் பழக்குவதற்கு ஆகும் செலவு முதலாளிக்குத் தெரியும். கடைசி மூன்று மாதக் கட்டண ரசீதுகளையும் கடிதத்தோடு இணையுங்கள், கணவரையும் தன் கந்தோரில் இதே கடிதத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள்.