மனைவியின் கார்டில் என்ன எழுதியிருக்கிறது? ஐரோப்பாவுக்குள் ஊர் மாறுவோர் கேள்வி பதில்

நான் பிரெஞ்சுக் குடிமகன், மனைவிக்கு இந்தியப் பாஸ்போர்ட். பாரிஸ் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்கு மாறியபோது அடிபட்டுக் கற்றதையும், ஒன்றியக் குடிமக்கள் குடும்பத்தோடு வேறு ஒன்றிய நாட்டுக்கு மாறுவது பற்றிய 2004/38 என்ற ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தைப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். வக்கீல் இல்லை.

அண்ணா, பூர்வீகம் காரைக்கால், பிரெஞ்சுக் குடியுரிமை. பிராங்ஃபர்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவியிடம் பிரான்ஸ் கார்டு உண்டு. ஜெர்மன் ஏ1 தேர்வு எழுதாமல் அவளைக் கூட்டிப்போக முடியாது என்கிறான் நண்பன்.

அது ஜெர்மன் குடிமகனின் மனைவிக்கான விதி, தம்பி. நீங்கள் எல்லை தாண்டி வேலைக்குப் போகிற பிரெஞ்சுக்காரர். உங்கள் மனைவிக்கு மொழித் தேர்வு கிடையாது. சொந்த நாட்டுக்காரனைவிட வந்தவனுக்குச் சலுகை அதிகம். கேட்க வினோதமாக இருந்தாலும் அதுதான் சட்டம்.

பிரெஞ்சுக் கார்டோடு இருவரும் ரயிலேறிப் போகலாம். போனதும் வீட்டு முகவரியைப் பதியுங்கள். மூன்று மாதத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் ‘அவுஃபென்ட்ஹால்ட்ஸ்கார்ட்டெ’ (ஒன்றியக் குடிமகனின் குடும்பத்துக்கான வசிப்பு அட்டை) கேளுங்கள். கவுன்டரில் பழக்கதோஷத்தில் ‘அவுஃபென்ட்ஹால்ட்ஸ்எர்லாவ்ப்னிஸ்’ படிவத்தை நீட்டுவார்கள். வாங்காதீர்கள், அது வேறு சட்டத்தின் கார்டு. எங்களுக்கும் முதலில் அதைத்தான் நீட்டினார்கள்; ஜெர்மன் சொற்களின் நீளத்தில் நான் கவனிக்கவே இல்லை, மனைவிதான் பார்த்தாள். பாஸ்போர்ட், கல்யாணச் சான்று, உங்கள் வேலை ஒப்பந்தம் போதும். விண்ணப்பித்ததற்கான சான்றை உடனே தர வேண்டும், கார்டை ஆறு மாதத்துக்குள். அதுவரை அவர் வேலைக்குப் போகக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உரிமை சட்டத்திலிருந்து வருகிறது, கார்டு அதற்கு அத்தாட்சி மட்டுமே.

எங்கள் கல்யாணம் ஊர்க் கோயிலில் நடந்தது. பத்திரிகையும் போட்டோவும் போதுமா?

போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழ் வேண்டும். அதை எந்த நாட்டுக்கு எப்படி உறுதிப்படுத்துவது என்று அந்த நாட்டுத் தூதரகத்திடமே கேளுங்கள். பிரான்சில் மெரியில் (நகராட்சி அலுவலகத்தில்) கல்யாணம் செய்தவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை. ஓர் ஒன்றிய நாடு தந்த சான்றுக்கு இன்னொரு ஒன்றிய நாடு 2019 பிப்ரவரியிலிருந்து அப்போஸ்டீல் (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான உறுதி முத்திரை) கேட்க முடியாது.

நான் பிரெஞ்சுக் குடிமகன், நெதர்லாந்தில் வேலை. மனைவி இன்னும் சென்னையில். வங்கிக் கணக்கு, பயணக் காப்பீடு எல்லாம் கேட்கிறார்களே?

ஷெங்கன் விசாப் படிவத்தை எடுத்து உன்னிப்பாகப் பாருங்கள். சில கேள்விகளின் பக்கத்தில் சிறிய நட்சத்திரக் குறி இருக்கும். வேறொரு ஒன்றிய நாட்டில் வாழும் குடிமகனின் மனைவி அவற்றை நிரப்ப வேண்டியதில்லை; செலவுக்குப் பணம் எங்கிருந்து என்ற கேள்வியும் அதில் ஒன்று. விசாக் கட்டணமும் கிடையாது. நடுவில் இருக்கும் ஏஜென்சிக்குப் போகாமல் தூதரகத்தில் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். போனால் அவர்களுடைய சேவைக் கட்டணத்தை நீங்கள்தான் தர வேண்டும்.

அண்ணை, நான் ஜெர்மன் சிட்டிசன், கொலோனில் இருக்கிறன். மனைவி யாழ்ப்பாணத்தில். இந்தச் சட்டம் எனக்கும் சரிவருமா?

கொலோனிலேயே இருந்தால் சரிவராது. சொந்த நாட்டில் இருப்பவருக்குச் சொந்த நாட்டுச் சட்டம்தான். ஒரு வழி உண்டு. ஓர் இந்தியரும் அவருடைய பிரிட்டிஷ் மனைவியும் 1983 முதல் 1985 வரை ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டு பிரிட்டனுக்குத் திரும்பினார்கள். கணவருக்கு அங்கே வந்த சிக்கல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. வேறு நாட்டில் வேலை செய்து திரும்பும் குடிமகனின் துணைக்கு அந்த உரிமை கூடவே வரும் என்று 1992இல் தீர்ப்பானது. சுரிந்தர் சிங் வழக்கு என்று கேட்டால் தெரியும். ஆனால் பெல்ஜியத்தில் பெயருக்கு ஒரு அறை எடுத்து, வார இறுதியில் போய்வந்தால் எடுபடாது. மூன்று மாதத்துக்கு மேல் மனைவியோடு உண்மையாகவே அங்கே குடியிருக்க வேண்டும் என்று 2014இல் இன்னொரு தீர்ப்பு வந்துவிட்டது.

எங்கள் இருவருக்கும் இலங்கைப் பாஸ்போர்ட், சுவிஸ் சி விசா (நிரந்தர வசிப்பு அனுமதி). பிரான்சுக்கு மாறலாமா?

இந்த வழியில் முடியாது. ஒருவருக்காவது சுவிஸ் குடியுரிமை கிடைத்தால் பேச்சு வேறு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் 2020 முடிவோடு இந்தக் கதவு மூடிவிட்டது.

டப்ளினுக்குச் சுற்றுலா போக மனைவிக்குத் தனி விசா வேண்டுமா?

அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, ஆனால் இந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. மனைவி வைத்திருப்பது ‘ஒன்றியக் குடிமகனின் குடும்ப உறுப்பினர்’ கார்டு என்றால், உங்களோடு வரும்போது தனி விசா வேண்டாம். பிரெஞ்சுக்காரரின் மனைவிக்கு பிரான்ஸ் தரும் கார்டு இது அல்ல; அதை வைத்துக்கொண்டு கிளம்பினால் திரும்பி வரவேண்டியதுதான்.

சரியான கார்டு இருந்தும் எங்களை விமான வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஊழியப் பெண் பாஸ்போர்ட்டின் பக்கங்களையே புரட்டிக்கொண்டிருந்தார். கார்டை இரண்டு முறை நீட்டியும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. மேலதிகாரி வந்து கணினியில் பார்த்துச் சரியென்று சொல்வதற்குள் வாசல் மூடியது. இப்போதெல்லாம் முதல் நாளே விமான நிறுவனத்துக்கு எழுதி, வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறோம்.

அண்ணா, என் கணவர் பிரெஞ்சுக்காரர். ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருஷம். பிரிந்துவிடலாம் என்கிறார். நான் இந்தியா திரும்ப வேண்டுமா?

அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா. விவாகரத்து வழக்குத் தொடங்கும் நாளில் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்து, அதில் ஒரு வருஷமாவது ஜெர்மனியில் என்றால், வேலையைக் காட்டியோ, இல்லையென்றால் போதுமான வருமானத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்துக் காட்டியோ நீங்கள் தங்கலாம். வீட்டில் அடி, கொடுமை என்றால் மூன்று வருஷம் நிறையாவிட்டாலும் வழி உண்டு. முக்கியமானது ஒன்று: வழக்குத் தொடங்குவதற்கு முன்பே அவர் ஜெர்மனியை விட்டுக் கிளம்பிவிட்டால் உங்கள் உரிமையும் போய்விடலாம் என்று 2015இல் தீர்ப்பு இருக்கிறது. அவர் பெட்டி கட்டுவது தெரிந்தால், அந்த வாரமே குடும்பநல வக்கீலைப் பாருங்கள்.