வீட்டில் இருந்தால் அது விடுமுறை ஆகாதா?

கேள்வி: இந்தக் கோடையில் வெளியூர் போக எங்களுக்கு வசதிப்படவில்லை. பத்து நாள் லீவ் போட்டு வீட்டிலேயே இருந்து, நடுவில் இரண்டு மூன்று நாள் மட்டும் பக்கத்து இடங்களுக்குக் காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்று நினைத்தேன். "வீட்டில் சும்மா உட்கார எதற்கு லீவ்?" என்று கேட்கிறார் கணவர். பிள்ளைகளின் முகமும் வாடிவிட்டது. இதை உண்மையான விடுமுறையாக்க முடியுமா?
– ஒரு வாசகி

பதில்: தாராளமாக முடியும். ஆனால் அந்தச் "சும்மா" என்ற சொல்லை நான் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. அந்தப் பத்து நாளும் காலையில் அடுப்பைப் பற்றவைக்கப் போவது யார்? துணி துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது, "சாப்பிட என்ன இருக்கு?" என்று நாளைக்கு நாலு முறை கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது, இதெல்லாம் யார்? நீங்கள்தான் என்றால், அலுவலக வேலை நின்று வீட்டு வேலை இரட்டிப்பாகும். அதற்கு விடுமுறை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வெளியூர் போய்த் திரும்புகிறவர்கள் மலையும் கடலும்தான் தங்களைத் தேற்றியது என்று நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. தங்கிய இடத்தில் வேறு யாரோ படுக்கையை விரித்தார்கள், வேறு யாரோ சமைத்தார்கள், எழுந்தவுடன் செய்தே தீர வேண்டிய வேலை என்று எதுவும் இல்லை. மீதிப் பாதி அதுதான். அந்த மீதிப் பாதியை வீட்டிலேயே ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

கலிபோர்னியாவில் சில ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்களில் ஒரு பகுதியினரிடம் "இந்த வார இறுதியை விடுமுறை போல நடத்துங்கள்" என்றார்கள். மற்றவர்களிடம் "வழக்கமான வார இறுதி போலவே இருங்கள்" என்றார்கள். முதல் பகுதியினர் வீட்டு வேலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள், செய்வதில் மனம் ஊன்றி இருந்தார்கள், திங்கட்கிழமை மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக வேலைக்குத் திரும்பினார்கள். ஊரைவிட்டுப் போகச் சொல்லி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. 2010-இல் நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்து வந்த ஆய்வு இன்னும் தெளிவு. பயணம் முடிந்து வந்தவர்களும் எங்கும் போகாதவர்களும் மகிழ்ச்சியில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தார்கள். கொஞ்சம் மேலே நின்றவர்கள், தங்கள் விடுமுறை மிகவும் நிம்மதியாகக் கழிந்தது என்று சொன்னவர்கள் மட்டுமே.

அதனால் முதலில் சமையலறையைப் பேசி முடியுங்கள். லீவ் தொடங்குவதற்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து, எந்த நாள் யார் பொறுப்பு என்று எழுதிவையுங்கள். பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அவர்கள் பொறுப்பில் இருக்கும் நாளில் எளிய சாப்பாடு போதும். தரையில் தூசி இருந்தால் இருக்கட்டும்.

அப்புறம், பரணை ஒழிப்பது, அலமாரியை அடுக்குவது, பழுது பார்க்க ஆளைக் கூப்பிடுவது. "இந்த லீவில் முடித்துவிடலாம்" என்று தள்ளிவைத்த இந்த வேலைகள்தான் வீட்டு விடுமுறையைத் தின்பவை. தவிர்க்க முடியாதவற்றுக்கு முதல் நாளைக் கொடுங்கள். அன்று முடியாதது அடுத்த மாதத்துக்குப் போகட்டும். அலுவலக வேலையும் அப்படித்தான். கடைசி நாள் கிளம்பும்போது எது எந்த நிலையில் நிற்கிறது, திரும்பி வந்ததும் எதை முதலில் எடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எழுதி வைத்த வேலை மனதை அவ்வளவாக அரிக்காது. அலுவலகச் செய்திகள் வரும் செயலியைப் போனிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

இனி வெளியே போகும் நாட்கள். இரண்டு மூன்று என்று நீங்கள் போட்ட கணக்கு சரியானது, யார் சொன்னாலும் கூட்டாதீர்கள். ஒரு பயணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு நாளாவது வீட்டில் கிடக்க வேண்டும். போகும் இடம் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கட்டும். போக இரண்டு, வர இரண்டு என்று நாலு மணி நேரம் வழியிலேயே போனால், பிள்ளைகளுக்கு ஜன்னலும் உங்களுக்கு முதுகுவலியும்தான் மிச்சம். ஒரு நாளுக்கு ஓர் இடம் போதும். விடிந்ததும் கிளம்புங்கள். கோடை வெயிலில் பதினொரு மணிக்கு மேல் திறந்த வெளியில் இருக்க வேண்டாம், அந்த நேரத்துக்குக் கூரையுள்ள இடமாகப் பாருங்கள். அருங்காட்சியகம் என்றால் வார விடுமுறை எந்த நாள் என்று முன்பே கேட்டுவிடுங்கள். பூட்டிய கதவின் முன்னால் குழந்தைகளுடன் நிற்பது பெரிய வேதனை.

எங்கே போவது? நீங்கள் இருக்கும் ஊரிலேயே இத்தனை வருடமாக உள்ளே போகாத இடம் ஒன்று நிச்சயம் இருக்கும். "பக்கத்தில்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம்" என்பதாலேயே போகாமல் விட்ட இடம். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். 2010-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கடையில் சாப்பிடப் பரிசுச் சீட்டு கொடுத்தார்கள். மூன்று வாரக் கெடு பெற்றவர்களில் நூற்றுக்கு 31 பேர் அதைப் பயன்படுத்தினார்கள். இரண்டு மாதக் கெடு பெற்றவர்களில் வெறும் 6 பேர்! எனவே போகும் தேதியை இன்றே நாட்காட்டியில் குறியுங்கள். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது, பஸ் நேரம் பார்ப்பது, வழி கண்டுபிடிப்பது எல்லாவற்றையும் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். "இந்த வருஷம் போக முடியலையே" என்று அவர்கள் காதுபடச் சொல்லிக்கொண்டிருந்தால் முகம் வாடத்தான் செய்யும். திட்டம் தங்கள் கையில் இருந்தால் வாடாது.

சரி, "எதற்கு லீவ்?" என்றாரே உங்கள் கணவர். ஓய்வும், சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் மனிதரின் உரிமை என்று 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24-ஆவது பிரிவு சொல்கிறது. எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தீர்கள் என்று அது கேட்கவில்லை. இந்தப் பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள். அவரும் நாலு நாள் லீவ் போடட்டும். நீங்கள் எழுதும் அந்தப் பட்டியலில் முதல் நாள் சமையல் அவர் பெயரில் இருக்கட்டும்.