புத்தகக் கடையும் புது எழுத்தாளரும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். பட்டறை வாழ்க்கையை வைத்து நான் எழுதிய முதல் நாவல் சென்ற ஆண்டு ஒரு சிறு பதிப்பகம் வழியாக வந்தது. 176 பக்கம், விலை 200 ரூபாய். பதிப்பாளர் நூறு பிரதிகளை என்னிடம் கொடுத்து, “முடிந்த இடங்களில் நீங்களும் வையுங்கள்” என்றார். சென்னை, கோவை, மதுரை என்று தெரிந்த கடைகளுக்கெல்லாம் வாட்ஸப்பில் அட்டைப்படத்தை அனுப்பினேன். பெரும்பாலும் பதில் இல்லை. ஒரு கடையில் மட்டும் பத்துப் பிரதி வாங்கி வைத்தார்கள். ஓராண்டு ஆகிவிட்டது. விற்றதா என்று போனில் கேட்டால் “பார்த்துச் சொல்கிறோம்” என்கிறார்கள். இன்னொரு கடையில் அறிமுகக் கூட்டம் வைக்கலாமா என்று கேட்டேன். “எத்தனை பேர் வருவார்கள்?” என்று திருப்பிக் கேட்டார்கள். அத்துடன் விட்டுவிட்டேன்.

பெயர் தெரிந்த எழுத்தாளர் என்றால் இப்படி நடக்குமா? பேசாமல் கடைகளை விட்டுவிட்டு ஃபேஸ்புக்கிலும் அமேசானிலும் மட்டும் விற்றுக்கொள்ளலாமா?

க., குமாரபாளையம்.

*

அன்புள்ள க.,

முதல் நாவலுக்கு வாழ்த்துகள். பட்டறையில் கணக்கு எழுதுகிறவர் அந்தப் பட்டறையையே நாவலாக்கியிருக்கிறார் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

கடைகளை விட்டுவிடாதீர்கள். ஃபேஸ்புக்கில் உங்களிடம் வாங்குகிறவர் உங்களை ஏற்கெனவே அறிந்தவர், அல்லது அறிந்தவருக்கு அறிந்தவர். அமேசானில் பெரும்பாலும் உங்கள் பெயரையோ நாவலின் பெயரையோ தட்டச்சு செய்தால்தான் நாவல் கண்ணில் படும். பெயரே தெரியாத ஒருவர் வேறு எதற்கோ வந்து, ரேக்கில் கண்ணில் பட்டதை உருவிப் பார்த்து, இரண்டு பக்கம் படித்துவிட்டு பில் போடக் கொண்டுபோவது கடையில்தான் நடக்கிறது. அந்த வாசகரைத் தேடித் தருகிற வேலையைத் தமிழில் பத்துப் பதினைந்து கடைக்காரர்கள் இன்னும் மனமாரச் செய்துகொண்டிருக்கிறார்கள். கோவையில் விஜயா பதிப்பகத்தின் மு. வேலாயுதம் ஒரு புத்தகக் கடையைச் சுற்றி ஒரு வாசகர் வட்டத்தையே உருவாக்கினார். சென்னையில் கே.கே. நகர் டிஸ்கவரி புக் பேலஸிலும் திருவான்மியூர் பனுவலிலும் கடைக்குள்ளேயே கூட்டங்கள் நடந்திருக்கின்றன. முதல் தொகுப்பு போட்டவர்கள் அங்கே பேசியிருக்கிறார்கள். அதனால் ‘பெயர் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான்’ என்ற எண்ணத்தை முதலில் எடுத்துவிடுங்கள்.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர் என்பதால் கடைக்காரரின் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் 200 ரூபாய் நாவலைக் கடைக்கு 35 சதவீதக் கழிவில் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு 130, கடைக்கு 70. வாடிக்கையாளர் பத்து சதவீதம் தள்ளுபடி எதிர்பார்ப்பார். புத்தகக் காட்சிகளில் அது வழக்கமாகி, கடையிலும் அதையே கேட்கிறார்கள். அதில் 20 போய்விடும். மீதி 50 ரூபாய். வாடகை, கரண்ட், பையனுக்குச் சம்பளம், பார்சல் ஆபீசிலிருந்து கட்டைத் தூக்கிவர ஆட்டோ, எல்லாம் இந்த ஐம்பதுக்குள். மாதம் பத்துப் பிரதி விற்றால் உங்கள் நாவலால் அந்தக் கடைக்கு 500 ரூபாய். மாதம் ஒன்று விற்றால் 50 ரூபாய், ஆனால் ரேக்கில் அது பிடிக்கும் இடம் அதேதான். நம்முடைய கடைகளில் பல பதிப்பகமும் நடத்துகின்றன. சொந்த முதலீட்டில் அச்சடித்த புத்தகம் உள்ளே அடுக்கியிருக்கும்போது அதைத்தான் முன்னால் வைப்பார்கள். அது இயல்பு. உங்கள் வாட்ஸப்புக்குப் பதில் வராததற்கு அலட்சியம்தான் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குத் தெரியவேண்டிய எதுவும் அந்த அட்டைப்படத்தில் இல்லை.

என்ன தெரியவேண்டும்? எனக்குப் பழக்கமான ஒரு கடையில் உட்கார்ந்திருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் வந்து ஒரு சிறுகதைத் தொகுப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டார். கடைக்காரருக்கு உடனே நினைவு வந்தது, “இருந்துதே, கடைசிப் பிரதி போன வாரம்தான் போச்சு” என்றார். வரவழைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தப் புத்தகத்தைக் கொடுத்தவர் யார் என்று தேடினார். கம்ப்யூட்டரில் பெயர் மட்டும் இருந்தது. பார்கோடு இல்லாத புத்தகம் என்பதால் கையால் ஏற்றியிருந்தார்கள், அதிலும் ஒரு எழுத்து தவறு. மேஜை டிராயரைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட துண்டுச் சீட்டுக் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். “5 புக் கொடுத்தேன்” என்று எழுதி ஒரு கையெழுத்து. தேதி இல்லை, விலை இல்லை, போன் நம்பர் இல்லை. அந்தப் பெண் வேறு ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். விற்றுத் தீர்ந்த ஐந்து பிரதிக்கான பணம் அந்த டிராயரில் ஆள் தெரியாமல் கிடக்கிறது. அந்தத் தொகுப்பை எழுதியவரும் எங்காவது உட்கார்ந்து, கடைகள் புதியவர்களை மதிப்பதில்லை என்று வருந்திக்கொண்டிருக்கக்கூடும்.

ஆகவே கடைக்கு எழுதும்போது நாவல் எதைப் பற்றியது என்று மூன்று வரி எழுதுங்கள். அதற்குக் கீழே பக்கம், விலை, பதிப்பகம், ஐஎஸ்பிஎன் எனப்படும் புத்தக அடையாள எண், எத்தனை சதவீதக் கழிவு, விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, பார்சல் செலவு யாருடையது, யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். ஐஎஸ்பிஎன் இல்லையென்றால் அடுத்த பதிப்புக்கு வாங்கிவிடப் பதிப்பாளரிடம் சொல்லுங்கள். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. திரும்ப எடுத்துக்கொள்வேன் என்ற ஒரு வாக்கியம் கடைக்காரரின் பாதித் தயக்கத்தைப் போக்கிவிடும். பக்கத்து ஊர்க் கடை என்றால் வாட்ஸப்பே வேண்டாம், நேரில் போங்கள். போன உடனே பையைத் திறக்காமல் கடையைப் பாருங்கள், உங்களுக்கு வேண்டிய புத்தகம் ஒன்றை வாங்குங்கள், அப்புறம் பேசுங்கள். தறித்தொழில் பற்றிய நாவலை அவர் எந்த ரேக்கில் வைப்பார், அதைத் தேடி யார் வருவார்கள் என்பதெல்லாம் அங்கே நின்று பார்த்தால் உங்களுக்கே புரியும்.

இதற்கெல்லாம் முன்னால் பதிப்பாளரிடம் பேசிவிடுங்கள். எந்தெந்தக் கடையோடு அவருக்குக் கணக்கு இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் 35 சதவீதத்தில் கொடுத்துவரும் கடைக்கு நீங்கள் போய் 40 சொன்னால் அவருடைய மற்ற புத்தகங்களின் வியாபாரத்தையும் சேர்த்துக் கெடுப்பீர்கள். அவருக்குக் கணக்குள்ள கடைக்கு அவரே அனுப்பட்டும். உங்களிடம் உள்ள நூறு பிரதிகள் அவர் கை எட்டாத கடைகளுக்கு.

எங்கே வைத்தாலும் சலான் போடுங்கள், அதாவது புத்தகம் கொடுத்ததற்கான சீட்டு. சீட்டு இரண்டு பிரதி, அதில் தேதி, எண்ணிக்கை, விலை, கழிவு, உங்கள் எண், வங்கிக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பது என்ற குறிப்பு. அவர் கையெழுத்துப் போட்ட பிரதி உங்களிடம் இருக்கட்டும். பட்டறையில் ஒரு பீஸ் துணி சீட்டு இல்லாமல் வெளியே போகாது, இல்லையா? ஆனால் தங்கள் புத்தகம் என்று வரும்போது எழுத்தாளர்கள் பலரும் கூச்சப்பட்டு எதையும் எழுதி வாங்குவதில்லை.

ஓராண்டாக வராத பணத்துக்கு வருகிறேன். விற்ற புத்தகத்தின் பணம் உங்களுடையது. அதைக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம், அதை இழுத்தடிப்பது கடையின் தவறுதான். ஆனால் போனில் கேட்காதீர்கள். கடையில் போனை எடுப்பவருக்கு உள்ளே போய் எண்ணிப் பார்க்க நேரம் இருக்காது. ஒரு வேலைநாள் காலையில், கூட்டம் இல்லாத நேரமாகப் போய் ரேக்கில் இருக்கும் பிரதிகளை அவர் முன்னாலேயே எண்ணுங்கள். பத்தில் ஆறு இருந்தால் நான்கு விற்றிருக்கிறது, அதற்கு 520 ரூபாய். இப்போது தாருங்கள், அல்லது தேதி சொல்லுங்கள் என்று அமைதியாகக் கேளுங்கள். அந்தத் தேதிக்கும் வரவில்லையென்றால் ஆறையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தக் கடையைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுத வேண்டாம். எழுதினால் பணம் வராது, நீங்கள் இன்னும் காலெடுத்து வைக்காத மற்றக் கடைகளும் தயங்கும்.

இன்னொன்று, இது பலருக்கும் உறைப்பதில்லை. 200 ரூபாய்ப் புத்தகத்தை ஃபேஸ்புக்கில் “என்னிடம் நேரடியாக வாங்கினால் 140, தபால் செலவு இலவசம்” என்று போடுகிறார்கள். அதே புத்தகத்தை 180க்கு வைத்திருக்கும் கடைக்காரர் அதைப் படிக்கிறார். அடுத்த முறை அவர் ஏன் உங்கள் கட்டைப் பிரிக்க வேண்டும்? நேரடியாக விற்பதில் தவறில்லை. கடை தருகிற விலைக்கே கொடுங்கள், கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அது போதும். உங்கள் பதிவுகளில் அமேசான் லிங்க் இருக்கும் இடத்தில் கடையின் பெயரையும் வாட்ஸப் எண்ணையும் போட்டுப் பாருங்கள். இன்று பெரும்பாலான சிறு கடைகள் போனிலேயே ஆர்டர் எடுத்து, ஜிபேயில் பணம் வாங்கிக் கூரியரில் அனுப்புகின்றன. உங்கள் பெயரைச் சொல்லி நான்கு பேர் கூப்பிட்டால் கடைக்காரர் உங்களை மறக்க மாட்டார்.

அடுத்து, கூட்டம். “எத்தனை பேர் வருவார்கள்?” என்பது நியாயமான கேள்வி. அன்றைக்கு அவர் நாற்காலி போட ரேக்குகளை நகர்த்த வேண்டும், மாலை வியாபாரத்தை ஓரளவு நிறுத்த வேண்டும், டீ வாங்க வேண்டும். இருபத்தைந்து பேர் நிச்சயம் வருவார்கள், அவர்களை அழைப்பது என் பொறுப்பு என்று நீங்கள் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கே நின்றிருக்காது.

நம்முடைய வெளியீட்டு விழாவின் வடிவத்தை அப்படியே கடைக்குள் கொண்டுபோகாதீர்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, எட்டுப் பேருக்குப் பொன்னாடை, கடைசியில் ஏற்புரைக்கு ஐந்து நிமிடம். மேடையில் இருப்பவர்களில் பாதிப் பேர் அன்று காலையில்தான் புத்தகத்தைப் பார்த்திருப்பார்கள். வந்தவர்களில் முக்கியமானவர்களுக்கெல்லாம் இலவசப் பிரதி கொடுத்துவிடுவோம். அன்று புத்தகத்தை வாங்கியிருக்கக்கூடியவர்களே அவர்கள்தான். பொன்னாடைக்குச் செலவாகும் பணத்தில் இன்னும் இருபது பிரதி அச்சடிக்கலாம்.

இரண்டு பேர் பேசினால் போதும். ஒருவர் நல்ல வாசகர், இன்னொருவர் தறி ஓட்டியவர். இருவருக்கும் ஒரு மாதம் முன்பே பிரதி கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். நீங்கள் நாவலிலிருந்து நான்கு பக்கம் வாசியுங்கள். பாவு பிணைக்கும் இடமோ, ராத்திரி ஷிப்டில் கரண்ட் போய் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்று, பேச்சுக்குரல் திடீரென்று பெரிதாகக் கேட்கும் இடமோ நாவலில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அப்புறம் கேள்விகள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். முடிந்தவுடன் அரைமணி நேரம் எல்லோரும் கடைக்குள்ளேயே நிற்கட்டும். உங்கள் நாவலோடு வேறு இரண்டு புத்தகமும் விற்பது அந்த அரைமணியில்தான், கடைக்காரர் அடுத்த கூட்டத்துக்கு உங்களை அழைப்பதும் அதை வைத்துத்தான். பிரதிகளை உங்கள் பையிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். எல்லாம் கடையின் பில்லில் போகட்டும். பில் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு நிதானமாகப் பெயர் கேட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

காலம் பார்த்துக் கேளுங்கள். டிசம்பர் பாதிக்கு மேல் பொங்கல் முடியும்வரை யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிதான் தமிழ்ப் பதிப்புலகத்தின் ஆண்டுக்கணக்கையே தீர்மானிக்கிறது. கடைக்காரர்கள் ஆள், சரக்கு எல்லாவற்றோடும் நந்தனத்தில் இருப்பார்கள். 2022 முதல் அரசு மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்துவதால் மற்ற மாதங்களிலும் கடைக்காரர் ஊரில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளை ஒட்டிப் பல கடைகள் தாங்களே கூட்டம் வைக்க விரும்பும். பிப்ரவரியிலேயே கேட்டு வைத்தால் இடம் கிடைக்கும்.

உங்களுக்குச் சென்னையைவிட ஈரோடு முக்கியம். மக்கள் சிந்தனைப் பேரவை ஆகஸ்டில் நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு பவானி, பள்ளிபாளையம், சென்னிமலை என்று தறி ஓடும் ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அரங்கு எடுக்கும் கடைகளிடம் ஜூன் கடைசியிலேயே பேசிப் பத்துப் பத்துப் பிரதியாக வையுங்கள். குமாரபாளையத்தில் இலக்கியப் புத்தகக் கடை இல்லையென்றால், நோட்டும் கைடும் விற்கும் ஸ்டேஷனரிக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஐந்து பிரதி வைக்கக் கேளுங்கள். “நம்ம ஊர் நாவல்” என்று ஒரு அட்டையில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.

முதல் கூட்டத்தை உங்கள் ஊரிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாத நேரத்தில் வையுங்கள். ஈரோட்டுக் கடை ஒன்றை மேஜை போட அழையுங்கள், விற்பனை முழுவதும் அவர்கள் பில்லில். சம்பளம் சனிக்கிழமை கைக்கு வருகிறதென்றால் ஞாயிறு காலையே நல்லது. தேதி முடிவானதும் எழுதுங்கள், இந்தத் தளத்தில் அறிவிப்பைப் போடுகிறேன்.

அன்புடன்.