ஒன்பது பொதிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டு ஆண்டுகளாகக் கனெக்டிகட்டில் வசிக்கிறேன். என் மகளுக்கு யேல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சென்னையில் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் பணத்தில் எழுந்த பல்கலைக்கழகம் அது, நம் மண்ணின் செல்வம் அங்கே கல்வியாக நிற்கிறது என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவளோ, அடிமை வணிகத்தோடு தொடர்புடைய அந்தப் பெயரையே மாற்ற வேண்டும் என்கிறாள். 2024இல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்ட செய்தியையும் காட்டினாள். அதன் நிதி மீது அரசு விதிக்கும் புதிய வரியும் கவலை தருகிறது. பெயரை மாற்றுவது சரியா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். அவளைத் திருத்த முயலாதீர்கள். இந்த விஷயத்தில் அவள் உங்களைவிடக் கூடுதலாக வாசித்திருக்கிறாள். வரியைப் பற்றிய கவலையையும் விடுங்கள். நாற்பது பில்லியன் டாலருக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனத்துக்காக நீங்களும் நானும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

என்னை உறுத்தியது ‘நம் மண்ணின் செல்வம்’ என்ற உங்கள் சொல்தான். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 1701இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி, 1716இல் நியூ ஹேவனுக்கு இடம் பெயர்ந்து, கட்டடத்தை முடிக்கப் பணமில்லாமல் தவித்தது. பாஸ்டனின் மதகுருவான காட்டன் மாத்தர், லண்டனில் செல்வந்தராக இருந்த யேலுக்கு, பணம் கொடுத்தால் கல்லூரிக்கு உங்கள் பெயரையே வைக்கலாம் என்று 1718இல் கடிதம் எழுதினார். யேல் ஒன்பது பொதிச் சரக்கும், 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படமும் அனுப்பினார். சரக்கு ஏறத்தாழ 562 பவுனுக்கு விலைபோயிற்று. முந்நூறு ஆண்டுகளாக நிற்கும் ஒரு பெயருக்கான விலை அவ்வளவுதான். பாஸ்டனில் பிறந்து சிறு குழந்தையாகவே அங்கிருந்து கிளம்பிவிட்ட அந்த மனிதர், பிறகு அமெரிக்கக் கரையில் கால் வைக்கவே இல்லை. தன் பெயர் தாங்கிய கல்லூரியை அவர் கண்ணால் கண்டதுமில்லை. பொதிகளில் காலிகோ, மஸ்லின் என்ற பருத்தித் துணிகள் இருந்தனவே, அவற்றை நெய்தவர்கள் யார் என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் அந்தச் செல்வத்தை நம்முடையது என்று உரிமை கொண்டாடினால், அது குவிந்த விதத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

என் தாய்வழிப் பாட்டி வீடு கடலூரில் இருந்தது. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் குண்டு சாலையில் நடப்பேன். யாரோ பருத்த மனிதரின் நினைவாக வைத்த பெயர் என்றுதான் பத்து வயதுவரை நம்பியிருந்தேன். ஒருநாள் பாட்டி வீட்டுத் திண்ணைக்கு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், சிரித்துவிட்டு, கதையைச் சொன்னார். 1690இல், யேல் ஆளுநராக இருந்தபோது, கும்பினியார், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் அவர்களுக்கு என்பது பேச்சு. அப்படிக் கைமாறியவைதாம் குண்டு கிராமங்கள்; குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. ஊரில் யாரிடம் கேட்டார்கள் என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்தார்.

பின்னாளில் ஒரு பழைய நூலகத்தில், புனித ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்புகளும் ஆலோசனைக் குறிப்புகளும் அடங்கிய தொகுதிகளைப் பார்த்தேன். சென்னை அரசாங்கமே அச்சிட்டவை. அந்தக் காலத்துப் புத்தகங்களில் ஒட்டியிருக்கும் பக்கங்களை வாசிப்பவர்தான் ஓரம் வெட்டிப் பிரிக்க வேண்டும். நான் எடுத்த தொகுதியில் பக்கங்களின் ஓரம்கூட வெட்டப்படவில்லை. எனக்கு முன் ஒருவரும் அதை வாசிக்கவில்லை என்று பொருள். அந்த ஏடுகளில்தான் இருக்கிறது, ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று யேல் அமர்ந்திருந்த சபை முடிவெடுத்தது. பஞ்ச காலம். சோற்றுக்கு வழியில்லாமல் பெற்றோரே விற்ற பிள்ளைகளும் உண்டு, களவாடி விற்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு. களவாடிய தரகர்கள் எல்லோரும் கப்பலில் வந்திறங்கிய வெள்ளையர்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 1688இல் அந்த வணிகத்தை நிறுத்தியதும் கருணையால் அன்று. பஞ்சம் தணிந்திருந்தது, மொகலாயரின் எதிர்ப்பும் இருந்தது. சொந்த வணிகத்துக்குப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் 1692இல் கும்பினியே யேலைப் பதவியிலிருந்து நீக்கியது.

நமக்கு இதெல்லாம் தெரியாது, ஏனென்றால் நாம் படிக்கவில்லை. யேல் பல்கலைக்கழகத்தார் படித்தார்கள். டேவிட் பிளைட் என்ற வரலாற்றாசிரியரின் தலைமையில் 2020 முதல் ஒரு குழு அமர்ந்து, தம் சொந்த நிறுவனத்தின் அழுக்கைத் தாளாகப் புரட்டியது. 1831இல் நியூ ஹேவனில் கறுப்பினத்தவருக்கென ஒரு கல்லூரி தொடங்கும் யோசனையை ஊர்க்கூட்டம் 700க்கு 4 என்ற வாக்கில் தோற்கடித்தது. எதிர்த்து நின்றவர்களில் யேலைச் சேர்ந்த பெரியவர்களும் இருந்தார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஜேம்ஸ் பென்னிங்டன் அங்கே இறையியல் வகுப்பில் உட்கார அனுமதிக்கப்பட்டார். வகுப்பில் வாய் திறக்கவோ நூலகத்திலிருந்து புத்தகம் எடுக்கவோ அனுமதியில்லை. அவருக்குரிய பட்டத்தை 2023இல்தான் கொடுத்தார்கள். மன்னிப்பு தாமதம் என்று யாரும் சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் பக்கத்தைக்கூட வெட்டிப் பார்க்காத நாம் சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சம் வேண்டும்.

பெயரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடிமைமுறையை ஆதரித்த அரசியல்வாதி கால்ஹூனின் பெயரில் யேலுக்குள் இருந்த கல்லூரியை, 2017இல் கணினி அறிவியலாளர் கிரேஸ் ஹாப்பரின் பெயருக்கு மாற்றினார்கள், வானம் இடிந்து விழவில்லை. யேல் என்ற பெயரை அங்கே படிப்பவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் கூம்பு வடிவக் கல்லறை ஒன்று இருக்கிறது. யேலின் மகன் டேவிட், பால்மணம் மாறாத பிள்ளை, அங்கே அடக்கம் செய்யப்பட்டான். அதன் முன் நின்றபோது எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன்தானே என்று தோன்றியது. அதே தகப்பன் லண்டனில் தன் குடும்பத்தாரோடு அமர்ந்திருக்கும் ஓவியம் உங்கள் ஊரிலேயே, யேலின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. ஓரத்தில் ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவன் மது ஊற்றுகிறான். அவன் கழுத்தில் பூட்டிய உலோக வளையம். 2020இல் அந்த ஓவியத்தை எடுத்துவிட்டு, அதே சிறுவனை வளையமில்லாமல் தங்கச் சட்டத்துக்குள் வரைந்த இன்றைய அமெரிக்க ஓவியர் டைடஸ் காஃபரின் ஓவியத்தை வைத்தார்கள். மறு ஆண்டு பழையதை விளக்கங்களோடு திரும்ப மாட்டினார்கள். எவ்வளவோ ஆராய்ந்தும் அவன் பெயர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வகுப்புகள் தொடங்கியதும் உங்கள் மகளை அந்த ஓவியத்தின் முன் சற்று நேரம் நிற்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள். பக்கத்தில் இப்போது என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுத வராது என்றால் நீங்கள் அவளருகே உட்கார்ந்து எழுதிக்கொடுங்கள்.