சேலத்திலிருந்து இரண்டு நாள் விடுமுறைக்குத் தரங்கம்பாடி போகலாமா? பார்க்க என்ன இருக்கிறது?

தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு ராத்திரியாவது தங்குங்கள். திருக்கடையூர் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு வருவதென்றால் வேண்டவே வேண்டாம்.

நம் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் தரங்கம்பாடியைப் பார்ப்பது யாரோ ஒரு பெரியப்பாவின் அறுபதாம் கல்யாண வேனில்தான். திருக்கடையூரில் கலசாபிஷேகம், சாப்பாடு எல்லாம் முடிந்ததும், "பக்கத்துலதான் கடல்" என்று யாராவது கிளப்பிவிடுவார்கள். என் முதல் பயணமும் அப்படித்தான். மத்தியானம் ஒரு மணிக்கு இறக்கிவிட்டார்கள். பட்டுப்புடவையோடு சுடுமணலில் நாலடி நடந்த என் மாமியார், "இதப் பாக்கவா மாப்ள இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. முக்கால் மணி நேரத்தில் வேன் கிளம்பிவிட்டது.

இரண்டாவது முறை ஒரு ஜனவரியில் மனைவி, மகளோடு காரில் போனேன். ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம், சிதம்பரம், சீர்காழி வழி. நின்று நின்று போனதில் ஆறு மணி நேரம் ஆனது. ரயிலென்றால் சேலத்திலிருந்து மயிலாடுதுறைக்கு நேர் வண்டி இருக்கிறது, அங்கிருந்து பஸ்.

ஊருக்குள் நுழைவதே ஒரு வாசல் வழியாகத்தான். 1792-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய வெள்ளை நுழைவாயில். அதைத் தாண்டினால் ராஜா வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. மொத்த ஊரையும் நடந்தே பார்த்துவிடலாம், வண்டியை ஓரமாகப் போட்டுவிடுங்கள்.

1620-இல் தஞ்சை நாயக்கர் ரகுநாதரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் இங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். அப்போது ரகுநாதர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 225 வருஷம் கழித்து, 1845-இல், வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். செஞ்சி மாதிரி பெரிய கோட்டையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கீழே வளைவுக் கூரை போட்ட கிடங்குகள், மேலே அதிகாரிகள் இருந்த அறைகள், ஒரு சின்ன அருங்காட்சியகம், அவ்வளவுதான். நான்கு மணிக்கு மேல் போய் மாடியில் நில்லுங்கள். கடல் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும்.

எனக்குக் கோட்டையைவிடப் பிடித்தது சீகன்பால்கு கதைதான். 1706-இல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் அவர். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றுக்கொண்டார். அங்கிருந்த டேனிஷ் தளபதிக்கு அவரைப் பிடிக்காமல் போய், நான்கு மாதம் இதே கோட்டையில் சிறை வைத்தார். வெளியே வந்தவர் அச்சகம் வைத்து, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். காகிதம் தட்டுப்பாடாக இருந்ததால் பக்கத்து ஊரான பொறையாரில் பட்டறை போட்டுக் காகிதமும் செய்தார்கள். கடுதாசிப்பட்டறை என்று அந்த இடத்துக்கு இன்னும் பெயர் இருக்கிறது. ஆனால் தமிழில் அச்சான முதல் புத்தகம் இதுதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அதற்கும் ரொம்ப முந்தியது. 1718-இல் அவர் கட்டிய புது எருசலேம் ஆலயம் ராஜா வீதியிலேயே இருக்கிறது. அடுத்த வருஷமே இறந்துபோனவரை அதற்குள்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். மணலில் எழுதிய கதையைச் சொன்னதும் என் மகள் கடற்கரையில் உட்கார்ந்து ஃ வரைக்கும் எழுதப் பார்த்தாள். ஊ-வைத் தாண்ட அலை விடவில்லை.

காலையில் ஐந்தரைக்கே எழுந்து மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் போய்விடுங்கள். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கோயில், 1306-ஆம் ஆண்டு. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கல் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சேலத்தில் நமக்கெல்லாம் சூரியன் கோதுமலைப் பக்கம் எழும்பி, வரும்போதே சுள்ளென்று வரும். அங்கே தண்ணீருக்குள்ளிருந்து வந்தது, முதலில் நசுங்கிய ஆரஞ்சுப் பழம் மாதிரி. பாறைகளுக்கு நடுவில் கால் வைக்கும்போது பாசி வழுக்கும், ஜாக்கிரதை. 2004 சுனாமியில் அடிபட்ட ஊர் இது, அங்கே நின்று கூச்சல் போட்டு ரீல்ஸ் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம், இங்கே ஓசோன் காற்று அதிகம், உடம்புக்கு நல்லது என்று சொல்வார்கள். கடற்கரையில் மூக்கில் ஏறும் அந்த வாசம் ஓசோன் இல்லை. கடல் பாசியிலிருந்தும் நுண்ணுயிரிகளிலிருந்தும் வரும் கந்தக வாயு. நல்ல காற்றுதான், மருந்தாக நினைக்க வேண்டாம். அதற்காக மட்டும் என்றால் ஏற்காடு பக்கத்திலேயே இருக்கிறது.

ஏப்ரல், மே வேண்டாம், வெயில் தாங்காது. நவம்பர், டிசம்பரில் மழை பிடித்துக்கொள்ளும். பெரிய கடைகளை எதிர்பார்க்காதீர்கள். ஏதாவது வாங்கப் பொறையார் போக வேண்டும். நாங்கள் சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து தட்டுவடையும், டப்பாவில் தனித்தனியாக இரண்டு சட்னியும், துருவிய பீட்ரூட், கேரட்டும் கொண்டுபோய்க் கடற்கரையில் இரண்டு தட்டுவடைக்கு நடுவில் எல்லாவற்றையும் வைத்து செட் போட்டுச் சாப்பிடத் திட்டம் போட்டிருந்தோம். பொட்டலத்தைப் பிரித்து ஐந்தாவது நிமிஷம் தட்டுவடை நமத்து அப்பளமாகிவிட்டது. கடல் ஊருக்கு முறுக்கு வகையறா எதுவும் எடுத்துப் போகாதீர்கள். சட்னியை மறுநாள் காலை இட்லிக்குத் தொட்டுக்கொண்டோம்.